செவலை விழுந்த இறக்கம்

அரிமளத்தில் அந்த நாளில் கார் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த விரல்களில் சோலையப்பனுக்கும் ஒரு விரல் உண்டா என்பதில்தான் ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. வண்டி இருந்தது, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் அது நின்றதில்லை. "அவுக காரை வச்சிருக்காகளா, கார் அவுகளை வச்சிருக்கான்னு எனக்கு இன்னும் வெளங்கல" என்பாள் எதிர்வீட்டு மூக்காயி. அவள் வாசல் தெளிக்கிற சாக்கில் நின்றால், தெருவில் யார் வீட்டுக் குழம்பில் புளி தூக்கல் என்பது வரைக்கும் தெரிந்துகொண்டுதான் உள்ளே போவாள்.

சமஸ்தானம் போனதும் புதுக்கோட்டையில் தொழிலும் மரியாதையும் போய்விட்டது என்று ஒரு வக்கீல் மதராசுக்குக் குடிபெயர்ந்தார். அவர் விட்டுப்போன கரும்பச்சைச் சீமைக் கார் அது. சோலையப்பன் தன் பங்குக்கு வந்த புஞ்சையை விற்று அதை வாங்கினார். பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரிக்கு, மாப்பிள்ளைகளை ஊர்வலத்துக்கு, வழக்குக்காரர்களைக் கோர்ட்டுக்கு என்று வாடகைக்கு ஓட்டினார். மணமேல்குடிக் கருவாட்டு வியாபாரி ஏறி இறங்கினால், அடுத்து ஏறுகிற மணப்பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். இதையெல்லாம் ஊர் மன்னித்தது. பிரேக்கைத்தான் மன்னிக்கவில்லை.

அந்தக் காலத்துக் கார் ஆனதால் அதில் எல்லாம் கம்பி பிரேக். காலால் மிதித்தால் அடியில் நாலு கம்பிகள் நாலு சக்கரத்துக்கும் போய் இழுக்கும். வக்கீல் காலத்தில் நாலும் ஒன்றாக இழுத்திருக்கலாம். சோலையப்பன் கைக்கு வரும்போது ஒரு கம்பி முந்தும், ஒரு கம்பி தூங்கும், ஒரு கம்பி இழுத்துவிட்டு விடாது. மிதித்தால் வண்டி இடதுபக்கம் திரும்பிப் பார்க்கும், யோசிக்கும், அப்புறம் நிற்கும். அந்த யோசனை நேரத்துக்குள் எதிரே இருக்கிறவர்கள் நகர்ந்துகொள்ள வேண்டும். அதற்காக வெளியே ஒரு ரப்பர் ஹாரன் வைத்திருந்தார். அரிமளத்து மக்கள் அதைக் கேட்டதும் ஒதுங்கப் பழகியிருந்தார்கள். செவலை பழகியிருக்கவில்லை.

செவலை என்பது மலையாண்டியின் வண்டிமாடு. மலையாண்டி சோலையப்பனுடைய மனைவி ராசாத்தியின் அண்ணன். அய்யனார் கோயிலுக்குப் போகிற பாதையில் கண்மாய்க் கரையேறி இறங்கினால் அவருடைய தோப்பும் செக்கும். இரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு கோடையில், செவலையையும் அதன் ஜோடி மயிலையையும் தண்ணி காட்டிவிட்டுக் கரை இறக்கத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். மேலிருந்து மாப்பிள்ளையின் கார் ஹாரன் அடித்தபடியே வந்தது. மயிலை விலகிவிட்டது. செவலை நின்று பார்த்தது.

பின்னங்கால் போன மாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும். ஒரு வாரம் படுத்திருந்து செத்தது. சோலையப்பன் வேறு மாடு பிடித்துத் தருவதாகச் சொல்லி அனுப்பினார். கூடவே, "நான் ஹாரன் அடிச்சேன்ல" என்றும் சொல்லி அனுப்பினார். அந்த இரண்டாவது வாக்கியத்தை மட்டும் விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"ஹாரன் அடிச்சாராம்ல" என்றார் மலையாண்டி. சொன்ன ஆளிடம் இல்லை, தெருவைப் பார்த்து. "மாடு என்ன, பள்ளிக்கூடத்துல படிச்சா வந்துச்சு? இனி அந்த வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன்."

மிதிக்கவில்லை. மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே கடையில் டீ குடித்தால் ஒருவர் கிழக்கே பார்த்தும் ஒருவர் மேற்கே பார்த்தும் குடிப்பார்கள். பேச வேண்டியது வந்தால், ராசாத்தி நடுவில் இருந்தால் அவளிடம், இல்லாவிட்டால் கடைக்காரரிடம் சொல்வார்கள்.

இதில் நசுங்கியது ராசாத்திதான். மகள் பொன்னுத்தாய்க்கு மூன்று வயதாகிவிட்டது, காது இன்னும் மொழுமொழுவென்று இருந்தது. குத்துவதென்றால் அய்யனார் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் வரவில்லையென்றால் பங்காளி எவனாவது மடி கொடுப்பான், அதற்கும் வழி உண்டு. ஆனால் அப்படிக் குத்திவிட்டால் ராசாத்திக்குப் பிறந்த வீடு இல்லை என்று ஊர் அறிய ஆகிவிடும். நாளைக்குப் புருசன் வீட்டில் ஒன்றென்றால், போய் உட்கார ஒரு வாசல் கிடையாது.

"ஏண்டி, ஒம் மகளுக்குக் காதுகுத்தும் கல்யாணமும் ஒண்ணாத்தானா?" என்று மூக்காயி கேட்டாள்.

"ஒங்க பேத்திக்கு மொட்டை அடிச்சீங்களே, அதுல எத்தனை பேன் விழுந்துச்சுன்னு நான் கேட்டேனா" என்றாள் ராசாத்தி.

வாய் அப்படித்தான் இருந்தது. உள்ளே போய்ப் பிள்ளையின் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தை பிறந்ததும் அவளே தோப்புக்குப் போனாள். மலையாண்டி செக்கில் இலுப்பைக் கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தார். அய்யனார் கோயில் விளக்குக்கு இலுப்பை எண்ணெய் கொடுப்பது அவர்கள் அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டு வழக்கம். மயிலை தனி மாடாகச் செக்கைச் சுற்றிவந்தது. ஜோடி போனபின் அதை வண்டியில் பூட்டவில்லை. வேறு ஜோடி சேர்க்கவும் மலையாண்டிக்கு மனசில்லை.

"அண்ணே, மாசியில காது குத்தலாம்னு இருக்கேன்."

"குத்து."

"நீங்க வராம எப்புடிக் குத்துறது?"

"ஒம் புருசன் ஹாரன் அடிச்சாத் தானா ஓட்டை விழுந்துரும்."

"நான் என்ன பாவம் பண்ணுனேன் அண்ணே? மாட்டைக் கொன்னது நானா?"

மலையாண்டி மாட்டை நிறுத்தினார். செக்கு நின்றதும் தோப்பே அமைதியாகிவிட்டது.

"சரி. ஒம் புருசங்கிட்டச் சொல்லு. அந்த வண்டிக்கு ஒழுங்கா ஒரு பிரேக்கைப் போடச் சொல்லு. போட்டுட்டு, செவலை விழுந்த இடத்துல நான் மயிலையப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். கரை மேலருந்து வரட்டும். ஹாரன் அடிக்கப்படாது. நிறுத்திக் காமிக்கட்டும். நின்னா வாரேன்."

"நிக்கலேன்னா?"

"நிக்கலேன்னா நானும் மயிலையும் இருக்க மாட்டோம். அப்பறம் மடிக்கு வேற ஆளப் பாத்துக்க."

இதை ராசாத்தி வீட்டில் வந்து சொன்னபோது சோலையப்பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கத்தரிக்காய்க் குழம்பும் கருவாடும். கையை உதறினார்.

"ஒங்கண்ணன் என்ன பெரிய போலீசு அதிகாரியா, எனக்குப் பரிச்ச வைக்க?"

"பரிச்ச வைக்கட்டுமே. நீங்க பாஸ் பண்ணுங்க."

"முடியாதுன்னா?"

"முடியாதுன்னா இந்த வருசமும் பிள்ளை மொட்டைக் காதோட திரியும். நான் ஒங்க கார்ல ஏற மாட்டேன். பிள்ளையையும் ஏத்த மாட்டேன். மாட்ட அடிச்ச வண்டி பிள்ளைய அடிக்காதா?"

சோலையப்பன் எழுந்து கை கழுவப் போனார். அவருக்கு உறைத்தது மாட்டுப் பேச்சு இல்லை. ஏற மாட்டேன் என்றது. தன் பெண்டாட்டி தன் வண்டியில் ஏறாமல் பஸ்ஸில் போனால் வாடகைக்கு வேறு எவன் ஏறுவான் என்று அவர் கணக்கு ஓடியிருக்கும். எப்படியோ, மறுநாளே புதுக்கோட்டைக்குப் போய் ரத்தினவேல் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ரத்தினவேல் சண்டைக் காலத்தில் பட்டாளத்து லாரி ஷெட்டில் வேலை பார்த்தவர். அதை அவரே சொல்லிவிடுவார், நீங்கள் கேட்க வேண்டியதில்லை. வந்திறங்கியதும் வண்டிக்கு அடியில் படுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதுக்கு நாலு காளை மாட்டப் பூட்டி நாலு பேரு வால முறுக்கி நிறுத்தலாம், அது மேலு" என்றார்.

"முடியுமா முடியாதா, அதச் சொல்லுங்க" என்றார் சோலையப்பன்.

"முடியும். முன் சக்கரம் ரெண்டுக்கும் எண்ணெ பிரேக்குப் போட்டுருவோம். கழிச்சுப் போட்ட பட்டாள ஜீப்பு ஒண்ணு நம்மகிட்டக் கெடக்கு. பின்னால பழைய கம்பியே இருக்கட்டும். நிக்கிற வேலைய முன் சக்கரம்தான் பாக்கணும், பின்னது சும்மா கூட வரும். இந்த வீட்டுல மாதிரி."

கடைசி வார்த்தையை யாரை நினைத்துச் சொன்னார் என்று தெரியவில்லை. ராசாத்தியும் சோலையப்பனும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்.

வேலை தெருவிலேயே, வேப்பமரத்தடியில் நடந்தது. வீட்டு உரலைப் புரட்டி முன் அச்சுக்கு முட்டுக் கொடுத்தார்கள். அதனால் அந்த வாரம் முழுக்க ராசாத்தி மாவாட்ட மூக்காயி வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. மூக்காயிக்கு இதைவிட நல்ல வாரம் வாழ்க்கையில் வாய்த்ததில்லை. பழைய கம்பிகள் கழன்று துருவோடு மண்ணில் கிடந்தன. ஜீப்பிலிருந்து வந்த தட்டு வக்கீல் காரின் அச்சில் உட்கார மறுத்தது. அதைக் கொல்லுப்பட்டறைக்குக் கொண்டுபோய் ஓட்டையைப் பெரிதாக்கி, திரும்ப வந்து, இன்னும் கொஞ்சம் ராவி, வைத்து, திட்டி, எடுத்து, மறுபடி ராவி உட்கார வைத்தார்கள். செம்புக்குழாயை வளைக்கும்போது ஒன்று மடங்கிவிட்டது. ரத்தினவேல் அதற்குச் சோலையப்பனைத் திட்டினார். சோலையப்பன் வெயிலைத் திட்டினார்.

"எங்க பட்டாளத்துல இந்த வேலைய அரை நாள்ல முடிப்போம்" என்றார் ரத்தினவேல் ஐந்தாவது நாள்.

"சண்டை எப்புடி அத்தனை வருசம் இழுத்துச்சுன்னு இப்பத் தெரியுது" என்றாள் ராசாத்தி, மோர்ச்சொம்பை வைத்துவிட்டு.

எல்லாம் பூட்டியபின் எண்ணெய் ஊற்றினார்கள். சீசாவில் புதுக்கோட்டையிலிருந்து வந்த எண்ணெய், கண்ணாடி போல இருந்தது. டிரைவர் காலடிப் பலகையைத் தூக்கினால் ஒரு சின்ன இரும்பு டப்பா, அதற்கு ஒரு மூடி. அங்கே ஊற்றியது குழாய் வழியாக முன் சக்கரங்களுக்குப் போகும். குழாயில் காற்று இருந்தால் பிரேக் பிடிக்காது. காற்றை எடுக்க ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தடியில் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். சோலையப்பன் பின்கம்பியை இறுக்கிக்கொண்டு அடியில் கிடந்ததால், மிதிக்கிற வேலை ராசாத்திக்கு வந்தது. பொன்னுத்தாயை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அவள் அந்த இடத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அமுத்துங்க" என்றார் ரத்தினவேல் கீழேயிருந்து. "விடாதீங்க. ம். இப்ப விடுங்க. அமுத்துங்க."

"எத்தன தரம் அமுத்துறது? செக்காட்டுறதே தேவலாம் போல இருக்கு."

"காத்து வார வரைக்கும். இந்தா நொரைக்குது பாருங்க."

"எனக்கு எங்கிட்டுத் தெரியும், நான் மேல இருக்கேன்."

"ரெண்டு வருசமா அவ அங்கதான் இருக்கா" என்று அடியிலிருந்து சோலையப்பன் குரல் வந்தது.

மதியம் தாண்டியதும் கால் கட்டையில் மோதியது போல மிதி நின்றது. ராசாத்திக்குக் காலிலேயே தெரிந்தது. இதுவரை சாணியில் மிதித்தது போல இருந்தது, இப்போது தரையில் மிதித்தது போல இருந்தது. சோலையப்பன் தெருக்கோடி வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார். வந்த வேகத்தில் மிதித்தார். வண்டி இடதுபக்கம் திரும்பிப் பார்க்கவில்லை, யோசிக்கவில்லை, நின்றது. சோலையப்பன் நெற்றி கண்ணாடியில் முட்டிக்கொண்டது. தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார். அந்த வீட்டில் யாரும் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

ரத்தினவேல் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஒண்ணே ஒண்ணு. அந்த டப்பாவுல எண்ணெ குறையப்படாது. குறைஞ்சாக் காத்துப் புடிச்சுக்கும். காத்துப் புடிச்சா பழைய கதைதான். வர்ற வெள்ளிக்கெழம நானும் கூட வாரேன், ஒங்க பரிச்சைக்கு."

அவர் அதைச் சோலையப்பனிடம்தான் சொன்னார். கேட்டுக்கொண்டது ராசாத்தி.

புதன்கிழமை ராசாத்தி கோயிலுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு, பூசாரியிடம் விளக்கில் மிஞ்சிய இலுப்பை எண்ணெய் கொஞ்சம் சின்னச் செம்பில் வாங்கிவந்தாள். அவள் பிறந்த வீட்டில் அது பழக்கம். நல்ல காரியத்துக்கு வண்டி கட்டுவதென்றால் அவள் அப்பா அய்யனார் விளக்கு எண்ணெயை இரண்டு அச்சு முனையிலும் விட்டுத் தேய்த்துவிட்டுத்தான் மாட்டைப் பூட்டுவார். கல்யாணத்துக்கு அவள் வந்த வண்டி அந்த எண்ணெயில்தான் உருண்டு வந்தது.

சோலையப்பன் குளிக்கப் போயிருந்தார். அவள் காரில் ஏறிப் பலகையைத் தூக்கி மூடியைத் திருகிப் பார்த்தாள். எண்ணெய் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. புதிதாகப் பூட்டியது, குழாய் குடித்திருக்கும். ராசாத்தி சுற்றுமுற்றும் தேடினாள். சீசாவை எங்கே வைத்தார்கள் என்று தெரியவில்லை. கேட்டால், வண்டியில் உனக்கென்ன வேலை என்று ஒரு சண்டை. கையில் செம்பு இருந்தது. அதிலிருந்தது அண்ணன் ஆட்டிய எண்ணெய், அய்யனார் முன்னால் எரிந்தது போக மிச்சம். இந்த வண்டி நிற்பதில் அண்ணன் கையும் இருக்கட்டும் என்று அவள் நினைத்ததில் தனக்கென்னவோ தப்புத் தெரியவில்லை என்று பின்னாளில் மூக்காயிகூடச் சொன்னாள். டப்பா நிறைய ஊற்றி, மூடியைத் திருகி, மூடிமேல் திருநீறும் வைத்துவிட்டு இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை கண்மாய்க் கரையில் கூட்டம். கடலை விற்கிறவர் கூடையோடு வந்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மாசி வெயிலில் கண்மாய்த் தண்ணீர் வற்றி, நடுவில் நாலு கொக்கு நின்றது. இறக்கத்தின் அடியில், செவலை விழுந்த அதே இடத்தில், மலையாண்டி மயிலையைக் குறுக்கே நிறுத்திக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ராசாத்தி பிள்ளையோடு பாதையோரம் நின்றாள்.

"ஒதுங்கி நில்லு தங்கச்சி. ஒம் புருசன் வண்டி வருது."

"நிக்கும் அண்ணே."

"பாப்போம்."

கரை மேல் கார் தலையைக் காட்டியது. உறுமல் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது, ஏதோ பாரம் இழுக்கிற மாதிரி. இறக்கத்தில் முகம் வைத்தது. பத்து முழம் வந்திருக்கும். முன் சக்கரங்கள் இரண்டும் கிறீச்சென்று கத்தின. சக்கரத்திலிருந்து புகை கிளம்பியது. கார் இறக்கத்தின் பாதிகூட வரவில்லை, செம்மண்ணில் இரண்டு கோடு இழுத்து நின்றுவிட்டது. மயிலை இருந்த இடத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு கல்யாணப் பந்தலே போடலாம்.

சோலையப்பன் உள்ளே எதையெதையோ மிதித்தார், இழுத்தார். இன்ஜின் கத்தியது. வண்டி அசையவில்லை. இறங்கி, ரத்தினவேலும் அவரும் பின்னாலிருந்து தள்ளினார்கள். இறக்கத்தில் ஒரு காரைத் தள்ளியும் அது உருளாததை அரிமளம் அன்றைக்குத்தான் பார்த்தது.

மலையாண்டி மாட்டை நடத்திக்கொண்டு மேலே வந்தார். காரைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"ராசாத்தி, ஒம் புருசங்கிட்டச் சொல்லு. நான் நிறுத்தத்தான் சொன்னேன். நட்டு வைக்கச் சொல்லல."

கடலை வாங்கியவர்கள் கடலையைச் சிந்தினார்கள். அவ்வளவு சிரிப்பு.

ரத்தினவேல் பலகையைத் தூக்கி மூடியைத் திறந்து விரலை விட்டு எடுத்தார். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். "இதுல எவனோ கை வச்சிருக்கான். இது நான் ஊத்துன எண்ணெ இல்ல. இலுப்பெண்ணெ. உள்ள ரப்பரு இட்லி மாதிரி ஊதிப்போச்சு. மிதிச்ச எண்ணெ திரும்ப வழி இல்ல, மிதிக்க மிதிக்க இறுகிக்கிட்டே போயிருக்கு."

சோலையப்பன் முகம் கறுத்தது. "இந்த ஊருல இலுப்பெண்ணெ ஆட்டுறது எத்தனை பேரு?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். பிறகு ராசாத்தியிடம் திரும்பினார். "ஒங்கண்ணங்கிட்டக் கேளு. மடி குடுக்க மனசில்லேன்னா நேரா சொல்ல வேண்டியதுதான. திருட்டுத்தனமா வந்து எண்ணெ ஊத்திட்டுப் போறது என்ன ஆம்பளத்தனம்?"

"எவன் ஊத்துனான்? ஒம் புருசன நாக்க அடக்கச் சொல்லு."

"செக்கு யாரு வீட்டுல இருக்கு?"

"மாட்டக் கொன்னவன் என்னயத் திருடன்றானா?"

சோலையப்பன் காருக்குள் கைவிட்டு ஹாண்டிலை எடுத்தார். இன்ஜினைச் சுற்றிக் கிளப்புகிற அந்த இரும்புக்கு மண்டையைப் பிளக்கவும் தெரியும். மலையாண்டி கையில் தார்க்குச்சி. கூட்டம் சிரிப்பை நிறுத்திவிட்டு நல்ல இடமாகப் பார்த்து ஒதுங்கியது. விலக்க யாரும் போகவில்லை. ரெண்டு வருசமாகக் காத்திருந்தது அதற்குத்தானே.

ராசாத்தி சும்மா இருந்திருக்கலாம். யாரும் அவளைப் பார்த்திருக்கவில்லை. ஆனால் அந்த ஹாண்டில் இறங்கினால், அல்லது இறங்காமலே இன்றைக்குத் திருட்டுப்பட்டம் ஒட்டிக்கொண்டால், அண்ணன் வாசல் ஏழு பிறப்புக்கும் அடைபட்டுப்போகும் என்று அவளுக்குத் தெரிந்தது. பிள்ளையை மூக்காயி இடுப்பில் திணித்தாள். நடுவில் வந்து நின்றாள்.

"நான்தான் ஊத்துனேன்."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"எண்ணெ கொறஞ்சிருந்துச்சு. கொறஞ்சா நிக்காதுன்னு இவரு சொன்னாருல்ல. அய்யனாரு வௌக்கு எண்ணெ வாங்கிட்டு வந்தேன். அப்பா அச்சுக்கு விடுவாகள்ல, அது மாதிரி விட்டேன்."

மலையாண்டி கையிலிருந்த தார்க்குச்சி இறங்கியது.

"அறிவுகெட்ட கழுத" என்றார் மலையாண்டி. "அப்பா ஊத்துனது மாட்டு வண்டிக்குடி."

"வீட்டுல பாதி நாளு குழம்புக்கு எண்ணெ இல்லேன்னு சொல்லுவா" என்றார் சோலையப்பன். "காருக்கு ஊத்தச் சொல்லி யாரு கேட்டா?"

"சின்னதுல இருந்தே இப்புடித்தான். கன்னுக்குட்டிக்குச் சளின்னு மூக்குல மெளகு ரசம் ஊத்துனவ இவ."

"அதையாச்சும் கட்டிக் குடுக்கறப்பச் சொல்லியிருக்கலாம்ல மச்சான்."

"சொன்னா நீங்க கட்டியிருப்பீங்களா மாப்பிள்ளை?"

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. இரண்டு வருசத்தில் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அது. சோலையப்பன் ஹாண்டிலைப் பார்த்தார். மலையாண்டி மயிலையின் கயிற்றைச் சுருட்டினார். உடனே மறுபடி கிழக்கும் மேற்குமாகத் திரும்பிக்கொண்டார்கள்.

"நின்னா வாரேன்னீங்களே அண்ணே" என்றாள் ராசாத்தி.

"இது நின்னதுல சேத்தி இல்ல" என்றுவிட்டு மலையாண்டி மாட்டோடு இறங்கிப் போனார்.

ரத்தினவேல் எல்லாவற்றையும் கழற்றினார். புது ரப்பர் வாங்கத் திருச்சிக்குப் போய்வந்தார். குழாய்களைக் கழுவி, வேறு எண்ணெய் ஊற்றி, மறுபடி காற்று எடுத்தார்கள். இந்தத் தடவை மிதிக்க ராசாத்தியைக் கூப்பிடவில்லை. டப்பா மூடிக்குச் சோலையப்பன் கம்பி கட்டி முடிச்சுப் போட்டு வைத்தார். வீட்டில் பேச்சு, "சோறு", "வேணாம்" என்ற அளவுக்கு வந்திருந்தது.

காதுகுத்துக்கு முந்தின நாள் அவர் வாயைத் திறந்தார். "உடையப்பங்கிட்டச் சொல்லிட்டேன். அவன் மடியில வச்சுக் குத்திரலாம்."

"ஒங்க பங்காளி மடியில எம் பிள்ளை உக்காராது."

"ஆசாரிக்குச் சொல்லியாச்சு. கெடா வாங்கியாச்சு."

"கெடாவுக்குக் காது குத்துங்க."

அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. மூக்காயி சொல்லித்தான் தெரியும்.

விடிந்ததும் வாசல் தெளிக்க வந்த மூக்காயிதான் முதலில் பார்த்தாள். தெரு நடுவில் மலையாண்டி நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, தலையில் துண்டுக்குமேல் தாம்பாளம். அதில் சின்னப் பட்டுப்பாவாடை, பூ, பழம், ஒரு சின்ன டப்பியில் தோடு. எவ்வளவு நேரமாக நின்றாரோ, வீட்டுப்பக்கம் ஓரடி வைக்கவில்லை.

"ராசாத்தி" என்று தெருவிலிருந்தே கூப்பிட்டார். "பிள்ளைய எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

ராசாத்தி தலையை முடியக்கூட இல்லாமல் ஓடிவந்தாள். "உள்ள வாங்கண்ணே."

"வாசல் மிதிக்க மாட்டேன்னு சொன்னேன்ல. மிதிக்கல."

"கார்லயாச்சும் ஏறுங்க."

"அதுல ஏறுறதுக்குப் பதிலா நான் செவலை மாதிரி அடியில கெடப்பேன்."

அவர் தாம்பாளத்தைத் தலையில் வைத்தபடி நடக்க ஆரம்பித்தார். பாதையின் ஓரமாக இல்லை, நட்ட நடுவில். பின்னால் சோலையப்பன் காரைக் கிளப்பினார். ராசாத்தி பிள்ளையோடு முன் சீட்டில் ஏறினாள். ஏற மாட்டேன் என்றவள் ஏறினாள்.

அய்யனார் கோயில் போகிற வரைக்கும் மலையாண்டி ஒதுங்கவில்லை. வேண்டுமென்றே மெதுவாக நடந்தார். திடீரென்று நின்று செருப்பில் ஒட்டிய மண்ணை உதறுவார். கார் பின்னால் நிற்கும். நடப்பார், கார் நகரும். மறுபடி நிற்பார். ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கரை ஏறினார்கள். இறக்கம் வந்தது. மலையாண்டி வேகம் பிடித்து இறங்கினார். சோலையப்பன் விட்ட இடைவெளியை வண்டி தானாகவே தின்றுகொண்டு வந்தது. செவலை விழுந்த இடத்துக்கு வந்ததும் மலையாண்டி நின்றார். நின்றவர் நின்றவர்தான். முதுகு அசையவில்லை. தாம்பாளத்தில் ஒரு பழம்கூட அசையவில்லை.

சோலையப்பனின் வலதுகை வெளியே போனது. ஹாரன் ரப்பரின் மேல் விரல்கள் போய் உட்கார்ந்ததை ராசாத்தி பார்த்தாள். பிள்ளையின் தலையை மாரோடு அழுத்திக்கொண்டாள். அன்றைக்குக் காற்று எடுக்க மிதித்தது போலவே அவள் வலதுகால் காலடிப் பலகையை மிதித்தது. அங்கே ஒன்றும் இல்லை.

கை திரும்பி வந்தது. சோலையப்பன் கால் இறங்கியது.

கார் நின்றது. மலையாண்டியின் வேட்டி ஓரம் பம்பரில் பட்டுப் படபடத்தது. அவ்வளவு கிட்ட.

இன்ஜின் சூடு முழங்காலில் அடித்திருக்கும். ஆனாலும் அவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"ராசாத்தி."

"என்னண்ணே."

"ஹாரன் அடிக்கல."

"அடிக்கல அண்ணே."

"ம்" என்றுவிட்டு நடந்தார்.

கோயிலில் போய் வேப்பமரத்தடியில் சப்பணம் போட்டு உட்கார்ந்து துண்டை உதறி மடியில் விரித்தார். பிள்ளையை வாங்கி உட்கார வைத்துத் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆசாரி குத்தினார். பொன்னுத்தாய் கண்மாய் தாண்டிக் கேட்கிற மாதிரி அழுது, மாமன் கையைக் கடித்து வைத்தாள். நல்ல கடி.

மச்சானும் மாப்பிள்ளையும் சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பந்தியில் ஒருவர் இந்தக் கோடி, ஒருவர் அந்தக் கோடி. கறிக்குழம்பு ஊற்றியதும் மலையாண்டி ஒருவாய் பிசைந்து தின்றுவிட்டு, அந்தக் கோடிக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"மாப்பிள்ளை, குழம்புல உப்பு இல்ல."

"எலை ஓரத்துல வச்சிருக்கு. போட்டுக்கங்க மச்சான்."

கரண்டியோடு நின்ற ராசாத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். மூக்காயிக்கு மட்டும் ஏமாற்றம். அடிதடி பார்க்கலாம் என்று பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்தவள், உப்பில்லாக் குழம்பைக் குறை சொல்லிக்கொண்டே மூன்றுதரம் வாங்கிச் சாப்பிட்டாள். போகும்போது கார் பக்கம் போய், காலடிப் பலகையைத் தூக்கி, எண்ணெய் டப்பா மூடியில் கட்டியிருந்த கம்பியையும் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.